கூடையை எங்கே வைத்தாள்?

ஐம்பதுகளில் செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி டூரிங் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே ஓடும் படத்தின் கடைசிக் காட்சி குடும்பப் பெண்களைக் கெடுக்கிறது, ஊரில் அடிதடி வரும் என்று குப்பத்து ஆண்கள் மனுப் போட்டார்கள். சென்சார் ஆன படத்தை நிறுத்த, அமைதிக்குப் பங்கம் என்று காட்ட வேண்டும்; மனு எழுதிக் கொடுத்தவனுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லி தாசில்தார் என்னை அனுப்பினார்.

கொட்டகைக்கார பாய் சோடாவுடன் என் பின்னாலேயே வந்தார்.

"சார், லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம். நீங்க ஒரு வரி தப்பா எழுதினா கொட்டாயப் பிரிச்சு வண்டியில ஏத்த வேண்டியதுதான்."

"கண்ணால பாக்கறதத்தான் எழுதுவேன்" என்றேன். இப்படிப் பேசுவதில் அந்த வயதில் எனக்கு ஒரு சுகம்.

மாலை ஆட்டம். குடிகார மீனவன், அடி வாங்கும் மனைவி. ரீல் மாற்ற விளக்குப் போட்டபோதெல்லாம் குறிப்பெடுத்தேன். முத்தம் இல்லை. ஆபாச நடனம் இல்லை. கடைசியில் கட்டுமரங்கள் கரையேறுகின்றன, அவள் கூடையோடு நடந்து வந்து அதைக் கீழே வைக்கிறாள், படம் முடிகிறது. 'கதாநாயகி மீன் வாங்குகிறாள்' என்று எழுதினேன். அந்த இடத்தில் பெண்கள் பகுதியில் கொட்டகை பிய்ந்துவிடும்போல் கைதட்டல். அதையும் எழுதினேன்: 'காரணம் தெரியவில்லை.'

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றபோது மீன்காரப் பெண்கள் இருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"இன்னா சாரே, நோட்டுல எழுதிகினே இருந்தியே, படம் பாத்தியா இல்லியா?" என்றாள் மூத்தவள்.

"பார்த்தேன். கடைசியில மீன் வாங்கப் போறா."

இருவரும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"வாங்கப் போறாளா! கூடைய எங்க வச்சா? புருசன் கட்டுமரத்தத் தாண்டிப் போயி அவளப் பெத்த நைனா மரத்தாண்ட வச்சா. புருசன் புடிச்ச மீனு பொண்டாட்டி கூடைலதான் வுழும். அத்தத் தாண்டி அவ பூட்டாள்னா இன்னா அர்த்தம்? அவன அத்து வுட்டுட்டா!"

"அதான் எங்க ஆம்பிளைங்க பேஜாராயி மனு குட்த்துக்கீறாங்க" என்றாள் இளையவள்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பி.ஏ. படித்தவன், சட்டத்தின் உட்பிரிவுவரை சொல்லக்கூடியவன், முத்தத்தைத் தேடிப்போய் ஒரு கல்யாணம் முறிவதைத் தவறவிட்டிருந்தேன்! மாலையில் நோட்டில்லாமல் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்தேன். திரையில் அவள் கணவனின் கட்டுமரத்தை நெருங்க நெருங்க நான் முழங்காலில் எழும்பிவிட்டேன். நிற்பாளா? நிற்கவில்லை. அவன் கையில் மீனோடு அப்படியே நின்றான். பெண்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். பாய் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

இனி அறிக்கை. புரிந்ததை எழுதினால் கொட்டகை போகும். ஆனால் விதி கேட்பது திரையில் காட்டப்படுவதை மட்டும்தான். பழைய குறிப்பைக் கிழித்துவிட்டு எழுதினேன்: 'கடைசிக் காட்சியில் ஒரு பெண் கடற்கரையில் கூடையை வைக்கிறாள். வேறெதுவும் இல்லை.'

"இதுக்கா மனு?" என்று தாசில்தார் சிரித்தார். மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டார். சாப்பாடு ஐந்து நிமிடம் தாமதமானால் அவர் மனைவியைத் திட்டுவது ஆபீஸ்வரை கேட்கும்.

"குடும்பத்தோட பாக்கலாமா?" என்றார்.

"தாராளமா பாக்கலாம் சார். அம்மாவுக்குக் கண்டிப்பா பிடிக்கும்."