திருப்தி என்று நான் எழுதிய அடுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு விசித்திரமான வேலை. நிறுவனம் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பில் பெண்கள் சமைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். நோட்டில் மூன்று கட்டங்கள்: நேரம், செய்தது, சொன்னது.

"கண்ணு பாத்தத மட்டும் எழுதுலே. மூளை லீவுல இருக்கட்டும்" என்றார் எங்கள் இன்ஜினியர். எனக்கோ அப்போது இலக்கிய நோய் முற்றியிருந்தது.

இலஞ்சியில் ஒரு அக்கா, சாரல் மாதங்களில் குற்றாலத்துக் கடை ஒன்றுக்கு இட்லி அவித்துக் கொடுப்பார். அதில்தான் அவருக்கு வருடம் ஓடியது. நான் போன அன்று புது அடுப்பில் சின்னப் பானையில் சோறு வடித்தார்.

"எப்படி இருக்கு அக்கா?"

"நல்லாத்தான் இருக்கு சார். காப்பி ஆறுது, குடிங்க."

குடித்தேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே பெரிய இட்லிக் கொப்பரை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பார்த்தேன், எழுதவில்லை. 'செய்தது' கட்டத்தைச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிரப்பினேன்: 'அடுப்பின் முன் அவர் முகம் தாமரையாய் மலர்ந்தது. முழுத் திருப்தி.'

திருப்தி என்று குறிப்பு வந்தால் பழைய அடுப்பை இடித்துவிடுவது எங்கள் வழக்கம். விட்டுவைத்தால் அதற்கே திரும்பிவிடுவார்களாம். அடுத்த வாரம் கொத்தனார் கடப்பாரையோடு போய்வந்தார்.

சாரல் தொடங்கியதும் அந்தப் பக்கம் போனேன். அக்கா புறக்கடையில் மூன்று கல் கூட்டி ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தார். கொப்பரை புது அடுப்பின் வாயில் உட்காரவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"வீட்டுக்கு வந்தவுககிட்ட எடுத்த எடுப்புல குறை சொல்லுவாகளா? கொப்பரைய ஒங்க கண்ணு முன்னாலதான வச்சிருந்தேன். நீங்க நோட்டையில்லா பாத்துக்கிட்டு இருந்தீக."

பழைய அடுப்பைத் திரும்பக் கட்டித் தரக் கேட்டு இன்ஜினியரிடம் ஓடினேன். அவர் என் பழைய குறிப்பை எடுத்து நிதானமாக வாசித்தார்.

"தாமரைன்னு எழுதுனது நீதானலே? இப்ப வந்து கொப்பரைன்னு சொல்லுத. நான் எத நம்பட்டும்? போ, மூணு நாள் ஒழுங்காப் பாத்து எழுதிட்டு வா. மேல அனுப்புதேன்."

"மேலருந்து பதில் வாரதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும் சார்."

"அத மொதல்லயே யோசிச்சிருக்கணும்."

மூன்று விடியல்கள் புறக்கடையில் குடை பிடித்தபடி உட்கார்ந்தேன். ஐந்து பத்து, பற்றவைத்தார். ஐந்து இருபது, அணைந்தது. ஐந்து இருபத்தைந்து, மறுபடி பற்றவைத்தார். என் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான உரைநடை அதுதான்.

மூன்றாம் நாள் கடைக்காரர் சைக்கிளில் வந்தார். சீட்டை விட்டு இறங்கவில்லை.

"கடை தொறந்து, இட்லி வாரவரைக்கும் பச்சத்தண்ணியவா குடுக்க முடியும்? நாளையிலருந்து வேண்டாம்க்கா. செங்கோட்டையில வேற ஆளுகிட்ட சொல்லியாச்சு."

அக்கா சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

"இதையும் எழுதிக்கிடுங்க சார்."

மணி பார்த்து எழுதினேன்: ஐந்து ஐம்பது, கொப்பரையை இறக்கினார்.