வீட்டுக்கடியில் நிற்காதவர்

ஐம்பதடி தூரத்திலேயே சீட்டியடிக்க ஆரம்பித்துவிடுவார் கோசல். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டிய வண்டியில் உமி மூடிய ஐஸ் பாளங்கள், கழுத்தில் கட்டம் போட்ட துண்டு, உதட்டில் சீட்டி. பாட்டெல்லாம் இல்லை. ஒரே சுரம், நீளமாக. படலைத் தாண்டும் முன் இருமுவார், மணியை இரண்டு தரம் அடிப்பார், அப்புறம் "ஐஸு வந்திருக்கு, நாந்தான், கோசல்" என்பார். சங்கே ஆற்றங்கரையில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. இருந்தும் தன் பேரைச் சொல்லாமல் அவர் ஒரு வாசலுக்கும் போனதில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் மேலே தூங்குவோம், கீழே வாழ்வோம். ஆளுயரத் தூண்களின் மேல் பலகைத் தரை. அதன் நிழலில்தான் கயிற்று ஊஞ்சல், மாடு, அடுப்பு, வம்பு எல்லாம். வருகிறவரை முதலில் அங்கேதான் உட்கார வைப்போம். ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடும் கோசல் மட்டும் வர மாட்டார். உச்சி வெயிலானாலும் அடைமழையானாலும் முற்றத்தில் நின்றே ஐஸ் அறுப்பார். அரிசி நூடுல்ஸ் பிழியும் தீதா அக்கா விட மாட்டாள்.

"உள்ள வந்து நில்லுய்யா. எங்க வீடு உன் தலையில விழுந்துடாது."

"வெயிலு எனக்குப் பழகிடுச்சுக்கா. உருகறது ஐஸுதான், நானில்ல."

"இவன் மழையத்தான் கட்டிக்கிட்டான். அதான் பொண்டாட்டி அமையல" என்று அவள் மற்றவர்களிடம் சொல்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் அறுக்கும் ஐஸ் அளவு பிசகாது. கட்டை விரல் நகத்தால் ஒரு கோடு கீறுவார், ரம்பத்தை வைப்பார், இரண்டு துண்டும் ஒரே கனமாக விழும். இன்னொரு பழக்கத்தையும் நான் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் போதும், உடனே ரம்பத்தை எடுத்துவிடுவார். அறுக்க ஒன்றுமில்லாவிட்டாலும் வெறும் பாளத்தின் ஓரத்தைக் கரகரவென்று இழைப்பார், பேச்சு முடியும்வரை.

செத்தவர்களுக்குச் சோறு வைக்கும் ப்சும் பென் பதினைந்து நாளும் அவருக்கு ஓய்வில்லை. அந்த நாட்களில் செத்தவர்கள் பசியோடு ஏழு விகாரை வரை சொந்தக்காரர்களைத் தேடி அலைவார்கள். ஏழிலும் தன் பேரில் சோறு இல்லையென்றால் சபித்துவிட்டுப் போவார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் செத்தவர்களின் பேரை எழுதிக் கொடுக்கும். பிக்குகள் ஓதுவதற்கு முன் விகாரையில் சடங்கு நடத்தும் ஆச்சார் அதை ஒலிபெருக்கியில் படிப்பார். கோசல் சித்தப்பா ஏழு விகாரைக்கும் ஐஸ் கொடுப்பார், இலவசமாக. பேர் எழுதித் தர மாட்டார். "எழுத வராதுடா" என்பார். ஐஸ் பாக்கியைச் சுவரில் கரியால் அழகாக எழுதுகிறவர்.

சென்ற வருஷம் அவருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதால் வண்டியை நான் ஓட்டினேன். ஆறு விகாரை முடிந்தது. ஏழாவதற்குப் போகும் பாதையை வெள்ளம் மூடியிருந்ததால், கரை மேலேயே போய், அதுவரை போகாத ஒரு விகாரைக்கு ஐஸை இறக்கினோம். காலை பத்து மணி இருக்கும். ஆச்சார் தாள் தாளாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். பொல் பொட் காலத்துப் பேர்கள் வரும்போது தாள் நீளமாக இருக்கும். ஒரே வீட்டில் ஒன்பது, பதினொன்று. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லோர் கையிலும் அதே நீளத் தாள்தான்.

"மியாஸ் இயென். கெத் சியன். மியாஸ் கோசல்."

ஐஸ் கொக்கி அவர் கையிலிருந்து விழுந்தது. வேறு ஆளாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த முதல் இரண்டு பேரைக் கேட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. முன்வரிசையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், வெள்ளைச் சட்டை, கைகூப்பிக் குனிந்திருந்தாள். அவள் எதிரில் மூன்று கிண்ணம் சோறு. ஒன்று சின்னக் கிண்ணம். சித்தப்பா அந்தச் சின்னக் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பாதி வழியில் கரைமேல் வண்டியை நிறுத்தச் சொன்னார். படித்த பேர்களில் முதல் இரண்டும் அவருடைய அப்பா, அம்மா; சோறு வைத்தது அக்கா மாலிஸ் என்றார். செத்துவிட்டாள் என்று நாற்பது வருஷமாக நினைத்திருந்தாராம். அக்காவும் அவரை அப்படியே நினைத்திருக்கிறாள்.

பொல் பொட் ஆட்சி நடந்தது மூன்று வருஷம் எட்டு மாசம் இருபது நாள். அந்தக் கணக்கு எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதற்குள் நாலு பேரில் ஒருவர் போய்ச் சேர்ந்தார். கண்ணாடி போட்டவர், பிரெஞ்சு தெரிந்தவர், பாடம் எடுத்தவர் என்று தேடித் தேடிக் கொன்றார்கள். அங்கா, அதாவது 'அமைப்பு', என்றுதான் அந்த ஆட்சி தன்னைச் சொல்லிக்கொண்டது. அங்காவுக்குக் கண் அன்னாசிப்பழம் மாதிரி, உடம்பெல்லாம் கண் என்பார்கள். அதில் ஒரு கண் கோசல் சித்தப்பா. வயது ஒன்பது. பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்து, இருட்டியதும் வீடுகளுக்கடியில் படுத்து மேலே பேசுவதைக் கேட்டுவர அனுப்புவார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான அவர் அப்பா, மாட்டு வண்டிக்காரன் என்று சொல்லிப் பிழைத்துக் கிடந்தார்.

"மத்த பசங்க போன எடத்துல தூங்கிடுவானுங்க. நான் எங்க வீட்டுக்கடியிலதான் போய்ப் படுப்பேன், அந்த வீட்டையே கேட்டு வாங்கிக்கிட்டுப் போவேன். எங்கம்மா குரல் கேக்குமில்ல."

அவர் ஆற்றைப் பார்த்தபடி பேசினார்.

"காலைல ஏதாவது சொல்லணும். இல்லன்னா கஞ்சி கெடையாது. ரெண்டு நாளா நான் ஒண்ணும் சொல்லல. மூணாம் நாளு, எங்கப்பா அக்காவுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லித் தர்றாருன்னு சொன்னேன். பெருமையாத்தான்டா சொன்னேன். வாய்ப்பாடு சொல்லித் தர்றதே குத்தம்னு எனக்குத் தெரியாது."

அன்று மதியமே அப்பாவையும் அம்மாவையும் 'படிக்க' அழைத்துப் போனார்கள்; அப்படிப் போனவர்கள் திரும்புவதில்லை. அக்காவை வேறு எங்கோ வாய்க்கால் வெட்ட அனுப்பினார்கள். இவருக்கு ஒரு தட்டு நிறையக் கெட்டிச் சோறு கிடைத்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பல் முளைத்த நாளிலிருந்து அவர் கையால் ஐஸ் வாங்கித் தின்றவன் நான். வண்டியின் கைப்பிடியை விட முடியவில்லை. அக்காவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"யார் சொன்னதுன்னு தெரியாது. போனா நாந்தான் சொல்லணும். சொல்லாம அவ முன்னால ஒக்கார முடியாது." துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "செத்தவனுக்குச் சோறு போடுறா. உயிரோட போய் நின்னா என்ன போடுவா?"

அடுத்த இரண்டு நாள் அவர் வியாபாரத்துக்குப் போகவில்லை. ஊருக்குள் சீட்டிச் சத்தம் இல்லை. தீதா அக்கா என்னிடம் வந்து, "என்ன, மழைப் பொண்டாட்டியோட ஊடலா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு முழுப் பாளத்தை உமியில் புதைத்து என்னைக் கூப்பிட்டார். ஆச்சாரிடம் வீட்டை விசாரித்து வைத்திருந்தார்.

போய்ச் சேரும்போது நல்ல மழை. பழைய வீடு, தாழ்வான தூண்கள். வேலிக்கு வெளியே இஞ்சினை அணைக்கச் சொன்னார். சீட்டி அடிக்கவில்லை. இருமவில்லை. மணியைத் தொடக்கூட இல்லை. முற்றத்தில் மழையில் நின்றார். மேலே விசேஷத்துக்காக வாழையிலையில் அரிசிக் கட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். பலகை இடுக்கு வழியாகக் குரல் தெளிவாக இறங்கியது. மாலிஸ் தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பன்னிக்கறி வெச்சது அவனுக்கு வேணாம், வாழப்பழம் வெச்சதா ரெண்டு தனியா எடுத்து வை. சின்னப்புள்ள, பசி தாங்க மாட்டான்."

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். போய்விடலாம் என்பார் என்று நினைத்து நான் சாவியில் கை வைத்தேன். அவர் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். குனிந்து, முதல் தூணைத் தாண்டி வீட்டுக்கடியில் போனார். மேலே இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சுளுக்கு ஆறாத கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த பலகையில் கீழே ஆள் இருக்கிறது என்று மூன்று முறை தட்டினார்.