அம்மா கேட்ட படம்

‘அக்கா அவர்கள்’ என்று எழுத வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். தம்பியாகிய எனக்கு அது வரவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன், மன்னியுங்கள். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது.

குளத்தூரில் பிறந்து, கோவில்பட்டியில் படித்து, வடக்கே ஓர் ஆய்வகத்தில் வேலைக்குப் போனவர் அக்கா. செல்லுக்குள் வைரஸ் எப்படி நுழைகிறது, எப்படிப் பெருகுகிறது, எப்படி வெளியே வருகிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வேலை. “உயிரோட இருக்கதை அதுல பாக்க முடியாதுலே. செல்லை அந்தந்த நிலையில சாகடிச்சு, மெலிசாச் சீவித்தான் பாக்கணும்” என்பார். கல்யாணப் பேச்செடுத்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட உறவினர்களும் இதைப் படிப்பீர்கள்.

கொரோனாவில் அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரியில் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் காட்டவில்லை. அம்மாவை வாய்க்கரிசி போடவும் விடவில்லை. பாழாய்ப்போன நாள் அது! பிறகு அக்கா வந்து சேர்ந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்.

“அவிய முகத்தைத்தான் காட்டல. அவியளக் கொன்னது எதுன்னாவது எனக்குக் காட்டுட்டி.”

அடுத்த தடவை அக்கா படம் கொண்டுவந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு செல், ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகளாக வைரஸ். அம்மா அதைச் சட்டம் போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பூவும் வைத்துவிட்டார். அப்பா உடம்பிலிருந்து எடுத்தது என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது ஆய்வகத்தில் வளர்க்கிற குரங்குச் சிறுநீரகச் செல். பொய் பேசத் தெரியாத அக்காவுக்கு அந்தப் பூவைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லாமலே திரும்பினார்.

கணையத்தில் புற்று முற்றி, வீட்டோடு வந்து படுத்த பிறகுதான் சொன்னார்.

“அம்மா, அது அப்பா இல்ல. குரங்கோட செல்லு. உன்ன ஏமாத்திட்டேன்.”

அம்மா எழுந்துபோய் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். பிறகு கேட்டார்.

“அப்ப நான் அவியளப் பாக்கவே இல்லையாட்டி?”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். மறுநாள் அம்மா அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார். அந்த ஆணியில்தான் இப்போது அக்காவின் படம் மாட்டியிருக்கிறது.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்த ஆய்வக நண்பர்களுக்கும், அன்று அப்பாவை எங்களோடு சேர்ந்து தூக்கிய பக்கத்துக் கடை பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவை எடுத்த அன்று அம்மா அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கொளுத்துகிற வெயிலில், ‘நேரமாச்சு’ என்று ஒருவர்கூடச் சொல்லாமல், அம்மா பார்த்து முடிக்கும்வரை நின்றீர்கள். அதற்கு நன்றி.

தம்பி