நான்காவது வரி

2007 தொடக்கத்தில் கொடைக்கானல் மலைமேல் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்தால் சிரிப்புத்தான் வரும். மலையில் இரண்டு, பழனியில் ஒன்று, திண்டுக்கல் பக்கம் ஒன்று என்று அதற்கு நான்கு கல்லூரிகள். நான்கும் தங்கள் ஆட்களின் படங்களை இஷ்டத்துக்குப் போட்டு வைத்திருந்தன. ஒரு கல்லூரி எல்லோரையும் ரோஜாப்பூ வளையத்துக்குள் நிறுத்தியிருந்தது. பழனிக் கல்லூரி முதல்வருக்குப் பின்னால் மலைக்கோயில் தெரிந்தது. ஒரு பேராசிரியை கல்யாண ஆல்பத்திலிருந்து தன்னை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தார். தோள்மேல் மாப்பிள்ளையின் கை மிச்சமிருந்தது.

இந்தக் கூத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவள் ஜோதிமணி. அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. இன்றைக்குப் பழனியில் ஒரு போட்டோ கடையில் வேலை பார்க்கிறாள். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் அவளுடையது தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் வீட்டைப் பார்க்கப் போகவேண்டியதுதான்.

அவளுடைய அம்மா ஞானம்மா அதே வளாகத்தில் தினக்கூலிக்குப் பெருக்குகிறவள். பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் தலைமன்னாரில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். தோட்டத்தில் செக்ரோல் என்றொரு பதிவு உண்டு. அதில் பேர் இருந்தால்தான் வேலை, அரிசி எல்லாம். அதனால் ஒரு பட்டியலில் பேர் ஏறுவது என்றால் என்னவென்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இணையதளத்துக்குப் பொறுப்பு கணினி விரிவுரையாளர் தேவசேனா. பழனிக்காரி. ஜோதிமணி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மதியம் இருவருக்கும் ஒரே டிபன் பாக்ஸ். ஜூலையில் ஆய்வுக் குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் தேவசேனா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஏ ஜோதி, ஆளுக்கொரு படமும் பேரும் வச்சு நாலு காலேஜுக்கும் ஒரே மாதிரி பேட்ஜ் பண்ணிரு. கமிட்டி தொறந்து பாத்தா பளிச்சுனு இருக்கணும். ஒன் பேட்ஜும் அதுல வந்துரும். புதுசா ஒரு அசிஸ்டென்ட் போஸ்ட் வருது, அது ஒனக்குத்தான். பேட்ஜ் வந்துட்டா ஒன்னைய ஒருத்தரும் வெளிய தள்ள முடியாது."

"நெசமாவாக்கா?"

"பின்ன? பழனியாண்டவர் மேல சத்தியம் பண்ணணுமா?"

வேண்டாம் என்று ஜோதிமணி சிரித்துவிட்டாள். பண்ண வைத்திருக்க வேண்டும். போகட்டும்.

நான்கு மாதம் உழைத்தாள். இடதுபக்கம் படம், வலதுபக்கம் நான்கு வரிகள்: பெயர், பதவி, கல்லூரி, பணியாளர் எண். அடியில் கல்லூரிக்கு ஒரு நிறப்பட்டை. எல்லோருடைய நெற்றியும் ஒரே மட்டம், தாடையும் ஒரே மட்டம். பழைய படங்கள் ஒன்றும் ஆகாது என்று தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு நான்கு கல்லூரிகளுக்கும் அலைந்தாள். மலையில்தான் பெரும்பாடு. பத்து மணிக்கு மேல்தான் பனி விலகும், பன்னிரண்டுக்குள் மறுபடி மஞ்சு இறங்கிவிடும். அதற்குள் வெள்ளைப் படுதாவைக் கட்டி எடுத்தால்தான் வெளிச்சம் ஒன்றுபோல் விழும். போதாததற்கு ஸ்வெட்டர், மப்ளர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுவாள். புவியியல் பேராசிரியர் இராமலிங்கம் குரங்குக் குல்லாயை விடவே மாட்டேன் என்றார்.

"சளி புடிச்சா நீயாம்மா வந்து கசாயம் வப்ப?"

"மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துருவேன் சார்."

எடுத்தும் விட்டாள். குல்லாய் இல்லாத இராமலிங்கத்தைப் பார்த்து வளாகமே ஆச்சரியப்பட்டது.

முதலில் சமையல்கட்டு ஆட்கள், காவல்காரர், பெருக்குகிறவர்கள் எல்லோரையும்தான் எடுத்தாள். ஞானம்மா பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் பேட்ஜில் ஏற்றிப் பார்த்தபோது இடித்தது. தினக்கூலிக்காரர்களுக்குப் பணியாளர் எண் கிடையாது. நான்காவது வரி காலியாக, முன்பல் விழுந்த வாய்போல இருந்தது. அலுவலகத்தில் கேட்டதற்கு, "ஒன் இஷ்டம்மா, போட்டாலும் சரி, விட்டாலும் சரி" என்றார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஜோதிமணி அந்த முப்பத்தொரு பேரையும் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாள். எண் இல்லாதவர்களுக்குப் பேட்ஜ் இல்லை என்று விதிமுறைத் தாளிலும் எழுதிவைத்தாள்.

ஞானம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கேட்டாள். "என்னோட படம் எப்ப புள்ள வரும்?"

"நம்பர் இல்லாதவங்களப் போட்டா வரிசை கெட்டுப்போகும்மா. பாக்கவே அசிங்கமா கெடக்கு."

ஞானம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அதன்பிறகு கேட்கவில்லை. ஜோதிமணிக்கு அன்று வேலை தலைக்குமேல் இருந்தது.

ஜூன் கடைசியில் தேவசேனா சொன்னாள்: "ஒனக்கு நம்பர் 213 போட்டு வச்சுக்க. ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கு." ஜோதிமணி தன் படத்தையும் எடுத்து, 213 என்று அடித்து ஏற்றிவைத்தாள். அன்று மாலை வரைக்கும் அதை எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுவாரம் தேவசேனா ஒரு பெண்ணை அழைத்து வந்தாள். "எங்க சித்தப்பா மக, சத்தியபிரியா. பாஸ்போர்ட்டுக்கு ஒரு போட்டோ வேணுமாம். நீ எடுத்தாத்தான் நல்லா வரும்." அந்தப் பெண் பழனி வெயிலில் வளர்ந்தவள், குளிரில் வெடவெடத்தாள். ஜோதிமணி டீ வாங்கிக் கொடுத்தாள். மஞ்சு விலகட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தாள். காற்றில் பறந்த முடிக்குத் தன் கறுப்புக் கிளிப்பைக் கழற்றிக் குத்திவிட்டு, நாலு படம் எடுத்து, நல்லதைப் பார்த்துக் கொடுத்தாள்.

ஆய்வுக் குழு வந்த அன்று கூட்ட அரங்கில் பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார்கள். ஒரே அளவில் முகங்கள் வரிசையாக விரிந்தன. அரங்கமே கை தட்டியது. தேவசேனா மைக்கைப் பிடித்து, இதைத் தானே நான்கு மாதமாகத் தூக்கமில்லாமல் வடிவமைத்ததாகச் சொன்னாள். அதுகூட ஜோதிமணிக்குப் பெரிதாகப் படவில்லை. பேர் யாருக்கு வந்தால் என்ன, படம் வந்தால் போதும் என்றுதான் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கம் அலுவலகப் பணியாளர்களுக்கு இறங்கியது. 211. 212. அடுத்தது 213: சத்தியபிரியா, கணினி உதவியாளர். நெற்றி மட்டம், தாடை மட்டம் எல்லாம் அச்சாக இருந்தன. தலையில் ஜோதிமணியின் கிளிப்.

ஜோதிமணி கூட்டம் முடிகிறவரை சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டு, வராந்தாவில் தேவசேனாவை மறித்தாள்.

"என்னக்கா இது?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் ஜோதி. சித்தப்பா வீட்ல ஒரே நச்சரிப்பு. ஒனக்கென்ன, கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவ."

"அப்ப எனக்குச் சொன்னது?"

"சொன்னேந்தான். இல்லைங்கல."

"என் பேட்ஜையாச்சும் விட்டு வச்சிருக்கலாம்ல?"

"நம்பர் இல்லாம எப்படிடி போட? ரூல் எழுதுனது நீதான?" தேவசேனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சத்தியாவுக்கு இந்தச் சோலி ஒண்ணும் தெரியாது. ஒரு பத்து நாளு கூட உக்காந்து சொல்லிக் குடுத்துட்டுப் போயிரு. பாதியில விட்டுறாத, என்ன?"

நான்கு மாதம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவள் கேட்கிற கேள்வியா இது? ஜோதிமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நம்பர் இல்லாதவ அங்க வந்து உக்காந்தா வரிசை கெட்டுப்போகுங்க மேடம்" என்றாள். மேடம் என்று அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் நாயுடுபுரம் ஏற்றத்தில் அழுதுகொண்டே நடந்தாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

ஞானம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தேவசேனாவைத் திட்டவில்லை. மகளுக்குப் பாலில்லாமல் ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்துவிட்டு, குடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளனே எழுந்து அவள் வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்ததும் ஜோதிமணிக்கு ஆத்திரம் பொங்கியது.

"போறதுன்னா போ. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் ரூமைப் பெருக்காதம்மா. நம்பவச்சுப் பேட்ஜுல என்னைய விட்டுட்டவ அவ. அவ இருக்கிற எடத்துல ஒனக்கு என்ன வேல?"

ஞானம்மா ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"விட்டுட்டவங்க இருக்கிற எடத்துக்கெல்லாம் போகக்கூடாதுன்னா, நான் இந்த வீட்டுக்கும்தான் புள்ள வரக்கூடாது."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.