இருநூறு மீற்றருக்கு அப்பால்

எங்கள் வீட்டு வாசலுக்குப் போகும் பஸ்ஸில்தான் ஏறுகிறேன். வீட்டுக்கு இரண்டு தரிப்பு முன்னதாக இறங்கி, பின் தெருக்களால் சுற்றி நடந்து, வீட்டைத் தாண்டியுள்ள மருந்துக்கடைக்குப் போகிறேன். நேர்வழி எண்ணூற்றுப் பத்துக் காலடி. அது முன்னமே எண்ணி வைத்தது. சுற்றுவழி இரண்டாயிரத்து முந்நூற்று எழுபது. எழுபத்துமூன்று வயதில், சொந்த மனைவிக்கு இருநூறு மீற்றர் கிட்டப் போகக் கூடாதென்று ரொறன்ரோவில் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஊரில் இருக்கும் நண்பர்கள் இதை நம்பவில்லை. இங்கு இருப்பவர்கள் நம்பி, பேச்சை மாற்றுகிறார்கள்.

நடந்தது இதுதான். மனைவி பரமேஸ்வரியின் பிறஷர் குளிசைப் பெட்டியில் பதினாறு இருக்கவேண்டிய இடத்தில் பதினெட்டு இருந்தது; இரண்டு நாள் விழுங்கவில்லை. கேட்டேன். "நான் என்ன உங்கட குளத்துத் தண்ணியே, நாளுக்கு நாள் அளக்க?" என்றாள். வன்னிக் குளங்களில் முப்பத்தொரு வருடம் நீர்மட்டம் பார்த்து எழுதியவன் நான். சிரித்திருக்க வேண்டிய பகிடி அது. நான் அவள் கையை முறுக்கிக் கன்னத்தில் அறைந்தேன்.

இங்கே அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். ஒன்பது நிமிடத்தில் பொலிஸ் வந்தது. தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் கேட்க, அவள் சொன்னாள்: "ஓம், அடிச்சவர். கோவம் வந்தா அடிப்பார். மற்றும்படி நல்ல மனிசன். அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரம், விடுங்கோ." எல்லாம் ஒழுங்காக மொழிபெயர்க்கப்பட்டது. பொலிஸ்காரர் முதலாவதை மட்டும் எழுதினார். இது குடும்ப விஷயம் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். "ஓம் சேர், அதனால்தான் வந்தோம்" என்றார், மிகவும் மரியாதையாக.

விசுவமடுவில் எங்களுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் கிடுகுவேலிதான். சுவரைவிட நன்றாகக் கேட்கும். ஒருவரும் வந்ததில்லை. மறுநாள் அந்த வீட்டு மனிசி என் முகத்தைப் பாராமல், ஒரு கோப்பை கத்தரிக்காய்க் கறியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அதை நான் ருசித்துச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

வழக்கை மீளப் பெறுவதற்கு இவள் போனாளாம். வழக்கு அரசாங்கத்தினுடையது, உங்களுடையதல்ல என்று அனுப்பிவிட்டார்கள். பொலிஸ் கொண்டுபோய் அந்தக் கடதாசியில் கையெழுத்து வாங்கியதிலிருந்து நான் தங்கையின் மகன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். இரண்டாவது கிழமை என் மகள் சுகந்தி, தாய் அவித்த புட்டும் மீன்குழம்பும் பெட்டியில் கொண்டுவந்தாள். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கழுவித் துடைத்து, ஏழு பச்சைமிளகாய் போட்டு, எந்தக் குளிசை எந்த நேரம் என்று ஒரு துண்டும் எழுதி வைத்துக் கொடுத்தேன்.

என் சட்டத்தரணி இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. இதைச் சொன்னதும் தலையில் கை வைத்துவிட்டாள்.

"அங்கிள், நேராவும் கதைக்கக் கூடாது, ஆள் வைச்சும் கதைக்கக் கூடாது. அந்தத் துண்டுக்கே உங்களை உள்ள போடலாம்."

"பச்சைமிளகாய்க்குமோ பிள்ளை?"

"மிளகாய்க்கும்தான்."

குற்றம் பெரிதாகப் பதிவானால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பவும் இடமுண்டு என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் சந்தோஷம் வந்தது. பிறகுதான், அந்தப் பயணத்துக்கு ஒரு ரிக்கற் மட்டும்தான் போடுவார்கள் என்று உறைத்தது.

குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வீட்டில் கை நீட்டுபவர்களுக்கென்று பன்னிரண்டு வகுப்பு, ஒழுங்காக முடித்தால் தண்டனைப் பதிவு இராது. அவள் எழுத்தில் சம்மதித்தால் சந்திக்கலாம்; எந்த நாளும் அவள் அதை மீளப் பெறலாம். அன்றைக்கே கையெழுத்து வைப்பாள் என்று ஒரு சேட்டு எடுத்து அழுத்தி மடித்து வைத்தேன். ஒரு நாள், நாலு நாள், பதினொரு நாள் போயிற்று. நாற்பத்தாறு வருடத்தில் அவளுடைய சம்மதத்துக்காக நான் காத்திருந்தது அதுவே முதல் தடவை. அதற்கிடையில் முதல் வகுப்பில் ஒரு படிவம் தந்தார்கள்: எத்தனை தடவை அடித்தீர்கள்? யோசித்து, ஐந்து என்று எழுதினேன். ஒளிக்காமல் எழுதினேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் சம்மதம் வந்தது. வீட்டுக்கு அல்ல, பகலில், கடைத்தொகுதியில், சனம் நடமாடுகிற இடத்தில். அவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள். காலில் புதுச் சப்பாத்து. வந்ததும் குளிசைப் பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"எண்ணுங்கோ."

எண்ணினேன். சரியாக இருந்தது.

"நீங்கள் இல்லாமலும் சரியாத்தான் இருக்கு. வகுப்பில எத்தினை தரம் எண்டு கேப்பினமாம். என்ன சொன்னனீங்கள்?"

"அஞ்சு."

"எட்டு" என்றாள். கோபமே இல்லை, கடைச் சிட்டையில் பிழை திருத்துகிற குரல். விசுவமடுவில் ஒன்று, துணுக்காயில் ஒன்று என்று நான் விட்டவற்றைச் சொன்னாள். "பிறகு சண்டை முடிஞ்சு செட்டிகுளத்து முகாமில, தண்ணி வரிசையில. வாளி நிரம்ப முன்னம் எடுத்திட்டன் எண்டு. அவ்வளவு சனம் பாத்துக்கொண்டு நிண்டது."

"அது அடியோ? தள்ளினதெல்லோ."

"விழுந்தது நான்."

குளிசைப் பெட்டியை மூடி அவளிடம் நீட்டினேன். அவள் என் சேட்டுக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள். "வகுப்பை முடியுங்கோ. வீட்டுக்கு வாறதைப் பிறகு யோசிப்பம்."

அடுத்த வகுப்பில் படிவத்தைத் திருப்பி வாங்கி, ஐந்தை வெட்டி எட்டு என்று எழுதினேன். வகுப்பு நடத்தும் வெள்ளையர் நல்ல மனிதர். எல்லாம் கனடாவிலா என்று கேட்டார். ஒன்று இங்கே, ஏழு அங்கே என்றேன். அப்படியானால் இதில் ஒன்று போதும் என்றார், எனக்கு உதவுகிற மாதிரி. போதாது என்பதை விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. கட்டத்துக்குக் கீழே, ஓரத்தில், தமிழில் எழுதினேன்: விசுவமடு நான்கு, துணுக்காய் இரண்டு, செட்டிகுளம் ஒன்று.

அவர் குனிந்து பார்த்தார். "அழகான எழுத்து. என்ன அது?"

"என்னுடைய ஊர்கள்" என்றேன்.