உளுந்தூர்பேட்டையில் இறங்கிவிட்டேன்

கருப்பைவாய்ப் புற்றுநோயை வைரஸ் எப்படி உண்டாக்குகிறது என்று ஒன்பது வருடமாக ஆராய்கிறேன். வேலை நீட்டிப்புக்கு இன்று சென்னையில் நேர்காணல். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் கல்வராயன் மலைக்கார அக்கா. "இன்னா வேல பாக்குறம்மா?" என்றார். சொன்னேன்.

அக்கா என் பக்கம் சாய்ந்தார். பிறகு மெதுவாக, "தீட்டு நின்னு மூணு வருசமாச்சி. இப்ப திரும்ப ரத்தம் படுது. அதுவா இருக்குமா?" என்றார்.

"உடனே காட்டணும்க்கா."

"யாரோட போறது? வூட்டுல சொல்லவே கூச்சமா கீது."

உளுந்தூர்பேட்டையில் இருவரும் இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போனோம். பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை அக்காவுக்கும் எனக்கும் பயம்தான். நேர்காணல் போய்விட்டது, அதோடு வேலையும்.

நான் படித்தது நேராக ஒருவருக்கு உதவியது இன்றுதான். எங்காவது வேலை காலியிருந்தால் சொல்லுங்கள், அசதி தீர்ந்ததும் விண்ணப்பிக்கிறேன்.