மோசமான பதிவுகளை மட்டும் கேட்டவர்

எங்கள் பக்கத்து வேர்க்கடலை நிலங்களில் பொறியியல் கல்லூரிகள் முளைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது யாரோ அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கும் போகவில்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, புத்தூர் தாண்டி திருப்பதி போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் புதுப்பிப்பார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. காய்கறிக்காரர் கொசுறாக ஒரு கத்திரிக்காய் போட்டால்கூட, புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். என் கணவர் லாரி மெக்கானிக். அவர் இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு படி மேலே. கத்திரிக்காயையே வாங்க மாட்டார்.

அந்த வருடம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரப்போவதாகச் சொன்னார்கள். நூலகத்தில் எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் கணினியில் தேடிக் காட்ட வேண்டுமாம். கல்லூரியை நடத்திவந்த கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, தெலுங்கில் "கமிட்டி வச்சே லோப்பல அயிபோவாலம்மா" என்றார். குழு வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். முடியவில்லை என்றால் நூலகத்தைக் கணினித் துறையில் இருந்த ஒரு விரிவுரையாளரிடம் ஒப்படைத்துவிடுவதாகவும் சேர்த்துச் சொன்னார். அந்த விரிவுரையாளர் அதற்கு முன்பே இரண்டு முறை வந்து என் நாற்காலியை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

புத்தக விவரங்கள் கணினியில் இல்லாமல் இல்லை. நான் சேர்வதற்கு முன்பே, டைப்ரைட்டிங் படித்த ஒரு பெண்ணை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரு பழைய மென்பொருளில் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பெண் மகா உத்தமி. வரவுப் பதிவேட்டில் இருந்ததை இம்மி பிசகாமல் அடித்து வைத்திருந்தாள். அங்கேதான் வந்தது வினை. ஒரே புத்தகத்தில் பத்துப் பிரதி வாங்கினால், பதிவேட்டில் முதல் வரியில் பெயரை எழுதிவிட்டு, கீழே ஒன்பது வரிக்கும் 'டிட்டோ' என்று போடுவது எங்கள் வழக்கம். அவளும் ஒன்பது முறை டிட்டோ என்று அடித்திருந்தாள். புத்தகத்தின் பெயர் டிட்டோ. ஆசிரியர் டிட்டோ. பதிப்பகமும் டிட்டோ. பதிவேட்டில் மேல் வரியைப் பார்த்தால் புரிந்துவிடும். கணினி எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டதால் மேல் வரி எது என்றே தெரியாமல் போய்விட்டது. எங்கள் நூலகத்திலேயே அதிகம் எழுதிய ஆசிரியர் திருவாளர் டிட்டோதான்.

இதை வெளியே சொன்னால் என் தலையில்தான் விடியும். சரிசெய்து புதிய மென்பொருளுக்கு மாற்றித் தர ஒரு கம்பெனி கேட்ட தொகையைக் கேட்டதும் கரஸ்பாண்டென்ட் ஃபைலை மூடிவிட்டார். கையால் திருத்தலாம் என்றால் ஆயிரக்கணக்கில் இருந்தது.

வேறு வழி தெரியாமல், திருப்பதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், நூலகர்கள் பேசிக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில் உதவி கேட்டு எழுதினேன். டிட்டோவைப் பற்றி மூச்சு விடவில்லை. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும் என்று மட்டும் எழுதி, கீழே 'நூலகர், திருப்பதி அருகில்' என்று போட்டேன்.

அமெரிக்காவிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். பெயர் இல்லை, இரண்டு இனிஷியல் மட்டும். பெர்ல் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினால் போதும், தானே எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம் என்றிருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "உங்களிடம் இருப்பதிலேயே மிக மோசமான பதிவுகளை அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"காசு வாணாங்கறான். நல்லத உட்டுட்டு கெட்டத கேக்கறான். இன்னாத்துக்கு? நீயே சொல்லு."

எனக்கு உடனே கணினித் துறைக்காரர் முகம் ஞாபகம் வந்தது. அவருக்கு அமெரிக்காவில் சிநேகிதர்கள் உண்டு. டிட்டோக்களை வாங்கி, அப்படியே அச்சடித்து கரஸ்பாண்டென்ட் மேஜையில் வைத்தால் என் கதை முடிந்தது. இருப்பதிலேயே நல்ல பதிவுகளாகப் பொறுக்கி எடுத்தேன். அவற்றிலும் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, பெண் பார்க்க வருகிற வீட்டைப் போலத் துடைத்து வைத்து அனுப்பினேன்.

புரோகிராம் வந்தது. வைரஸாக இருக்கும் என்ற பயத்தில், அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில், பதிவுகளின் நகலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நல்ல பதிவுகளெல்லாம் புதிய அமைப்புக்கு அழகாகப் போய்ச் சேர்ந்தன. டிட்டோக்களை மட்டும் அது தொடவே இல்லை. எல்லாவற்றையும் தனியாக ஒரு கோப்பில் ஒதுக்கிவைத்து, இவை எனக்குப் புரியவில்லை, யாராவது பார்க்க வேண்டும் என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தது. பாதி நூலகம் அந்தக் கோப்பில் கிடந்தது.

பாதி வேலையைச் செய்துகாட்டிவிட்டு மீதிக்கு விலை பேசுவார்கள் என்றார் என் கணவர். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். நன்றி என்று ஒற்றை வரி எழுதி ஒதுங்கப் பார்த்தேன். உடனே அடுத்த கடிதம். மகனுக்கு மொட்டை போடத் திருமலை வருகிறேன், திருச்சானூரில் இந்த லாட்ஜில் இருப்பேன், புரோகிராம் ஒதுக்கிய பதிவுகளையும் மொத்தப் பதிவுகளையும் ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று.

லாட்ஜுக்கு. முன்பின் தெரியாத ஆள். ஆனால் குழு வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மெக்கானிக் கடைக்கு லீவு விட்டுவிட்டு என்னோடு புறப்பட்டார். ஷேர் ஆட்டோவில், "நான் பேசறேன். நீ ஃபிளாப்பிய வெளிய எடுக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எங்களை மறித்தார். யார், எந்த ஊர், யாரைப் பார்க்க என்று போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரித்த பிறகுதான் உள்ளே விட்டார். உள்ளே, தலையில் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைவிடச் சின்ன வயதுப் பெண் ஒருவர் நின்றிருந்தார்.

"நீங்கதான் லைப்ரரி மேடமா?" என்றார், எங்கள் ஊர்த் தமிழில். அந்த இரண்டு இனிஷியல் இவருடையதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீங்களும் பேரு போடல. ஆம்பளையா இருந்தா இன்னா பண்றதுன்னு பயந்துக்கினு, மாமியார வாசல்ல ஒக்கார வெச்சிருந்தேன்."

சித்தூர்க்காரர். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். கணவருடைய லேப்டாப்பில் என் ஃபிளாப்பியைப் போட்டார். திரை முழுக்க டிட்டோ வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத ஏன் மேடம் மொதல்லயே அனுப்பல? நீங்க அனுப்புனது எல்லாம் ஒரே சுத்தம். அரை நாள்ல முடிஞ்சிபோச்சி. அப்புறம் சும்மாதான் ஒக்காந்துக்கினு இருந்தேன்."

ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டு வரிசை எண் இருக்கிறதே, எல்லாப் பதிவுகளையும் அந்த எண் வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டால் பழைய மேல் வரி மறுபடி மேலே வந்துவிடும் என்றார். நடுவில் ஏதாவது எண் விட்டுப்போயிருந்தால் புரோகிராம் ஊகிக்கக் கூடாது, தொலைந்துபோனது வேறு புத்தகமாக இருக்கலாம், அதைத் தனியே எடுத்து வைக்கட்டும், நீங்கள் பதிவேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்றார். பேசிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அழுதது. கத்திரிக்காய்கூட வாங்காத என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் பலூன் வாங்கித் தந்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் டிட்டோக்கள் எல்லாம் அவரவர் பெயரோடு வந்து நின்றன. மிஞ்சியவை கையால் திருத்தக்கூடிய அளவுதான்.

கிளம்பும்போது மனசு கேட்காமல், ஏன் பணம் வாங்கவில்லை என்று கேட்டேவிட்டேன்.

"வாங்கக் கூடாதுங்க. அவரு விசாவுலதானே நான் போயிருக்கேன், வேல செய்ய பர்மிஷன் இல்ல. லைப்ரரி சைன்ஸ் படிச்சிட்டு, ஊட்ல பாத்திரம் கழுவிக்கினு இருக்கேன். அங்க டவுன் லைப்ரரில புக் எடுத்துதான் பெர்ல் கத்துக்கினேன். யாராச்சும் கெட்டுப்போன ரெக்கார்டு அனுப்புனா, அன்னிக்கு எனக்கு வேலைக்கி போற மாதிரி இருக்கும். நல்லா இருக்கறத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆய்வுக் குழு வந்தது. அதில் ஒருவர் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னார். பத்துப் பிரதிகளும் வரிசையாகத் திரையில் வந்தன. கரஸ்பாண்டென்ட் தன் வீட்டுக் கல்யாணம் போலப் பூரித்துப்போனார். அந்த வருடம் என் வேலை புதுப்பிக்கப்பட்டது.

அதன் பிறகு கல்லூரியில் கெட்டுப்போயிருந்த பதிவுகளையெல்லாம் தேடித் தேடி அவருக்கு அனுப்பினேன், எனக்குத் தேவையில்லாதவற்றையும் சேர்த்து. சில வருடங்கள் கழித்து அவருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்து, அங்கேயே ஒரு நூலகத்தில் சேர்ந்துவிட்டதாக எழுதினார். இன்றைக்கும் யாராவது சும்மா உதவ வந்தால், இவருக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அந்தக் குணம் போகவில்லை. ஆனால் என் வேலையைக் காப்பாற்றித் தந்தவருக்கு நான் பதிலுக்குச் செய்த உதவி என்று ஒன்று உண்டென்றால், அது அந்த டிட்டோக்களை அவர் கையில் கொடுத்ததுதான். அதையும் கொடுக்காமல் எத்தனை பாடுபட்டு ஒளித்துவைத்தேன் என்று நினைக்கும்போது இப்போதும் என் முகம் சுருங்கிப்போகிறது.